இடக்கைக்கு ஒரு திருவலை

“கதிரையை இழுத்துப் போட்டு உட்காரு பரீதா, நின்னுக்கிட்டே சொல்லாத. உன் மக கெம்பஸுக்கு எடுபட்டது எனக்கு நேத்தே தெரியும். தபால்காரர் உன் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இங்க நின்னு சொல்லிட்டுத்தான் போனாரு. ஆனா அவ என்ன படிக்கப் போறான்னு அவருக்கும் வெளங்கல, எனக்கும் வெளங்கல.”

“எனக்கு மட்டும் வெளங்குதா ஆச்சி?” என்றாள் பக்கத்து வீட்டுப் பரீதா. “டொக்டரும் இல்லயாம், இஞ்சினியரும் இல்லயாம். சாமான்களுக்கு வடிவம் போடுற படிப்பாம். கேத்தல், கதிரை, சீப்பு, இப்படி. இதுவரைக்கும் இல்லாத சாமானா யோசிச்சுச் செய்யோணுமாம். அதுக்கு நாலு வருஷமாம்!”

நான் சிரித்துவிட்டேன். ஒருத்தி கவலையோடு சொல்லும்போது சிரிப்பது மரியாதை இல்லைதான். ஆனால் எங்கிருந்தோ வந்துவிட்டது.

“அந்தப் படிப்பு எனக்குத் தெரியும் பரீதா. உன் உம்மா பொறக்கிறதுக்கு முன்னாடியே தெரியும்.”

“ஆச்சிக்கு ஆனா ஆவன்னாவே தெரியாதே!”

“அதுக்கு ஆனா ஆவன்னா வேணாம். ஒரு தேங்கா இருந்தாப் போதும்.”

அவள் முழித்தாள். நான் சொல்லச் சொல்ல என் வாழ்க்கைக் கதையை எழுதிக்கொண்டிருக்கும் என் மருமகளும் முழிக்கிறாள். போன கிழமை நான் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கண்டிக்கு வேலைக்கு வந்து சேர்ந்ததோடு நிறுத்தியிருந்தோம். அடுத்ததாக என் கல்யாணக் கதையைச் சொல்வேன் என்று காத்திருந்தாள். கல்யாணம் எங்கும் ஓடிப் போகாது. அது நடந்து முடிந்த சமாச்சாரம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இவள் நான் பேசுவதை அப்படியே எழுதுவதில்லை. இஸ்திரி போட்டு, மடித்து, அடுக்கித்தான் எழுதுகிறாள். எனக்கு வாசிக்கத் தெரியாததால் சண்டை பிடிக்கவும் வழியில்லை.

மேசை இல்லாத குசினி

நான் வேலைக்கு நின்ற வீடு வாவிக்கு மேலே, மேட்டில் இருந்தது. சாயங்காலம் புத்தரின் பல் இருக்கிற மாளிகையில் மேளம் அடித்தால் எங்கள் குசினியில் சட்டி மூடி அதிரும். வீட்டுக்காரர்கள் யாழ்ப்பாணத்து வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஐயா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். அவருடைய பெண்சாதி ஞானம்மா. நாங்களும் வேதக்காரர்கள் என்பதால் தோட்டத்துக்குப் பூசைக்கு வரும் சாமியார், ‘பெயர் ஆரோக்கியம், நல்ல பிள்ளை’ என்று சொல்லி என்னை அங்கே சேர்த்துவிட்டார்.

யாழ்ப்பாணத்து வீடு என்றால் தெரியும்தானே. காலையில் புட்டு, மத்தியானம் தேங்காய்ப்பால் சொதி, இரவுக்கு இடியப்பம். ஒரு நாளைக்கு மூன்று தேங்காய். அந்த மூன்றையும் துருவுவது நான்.

அப்படித் துருவிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அவர் கொப்பியும் பென்சிலுமாக வந்து குசினி வாசற்படியில் உட்கார்ந்தார். ஞானம்மாவின் தம்பி. அருளப்பு என்று பெயர். நான் சின்னையா என்பேன். கொழும்பில் பெரிய தொழிற் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். லீவு விட்டால் ரயில் ஏறி அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார்.

எனக்குக் கை ஓடவில்லை. தேங்காய்த் துருவலை வாயில் போடுகிறேனா என்று வேவு பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். போடுவது உண்மைதான்.

“என்னங்க சின்னையா, தண்ணி வேணுங்களா?”

“வேண்டாம். நீர் உம்முடைய வேலையைப் பாரும். நான் என்ர வேலையைப் பாக்கிறன்.”

“உங்க வேல என்னங்க?”

“நீர் வேலை செய்யிறதைப் பாக்கிறது.”

தோட்டத்தில் எங்கள் கங்காணிக்கும் அதே வேலைதான். அதற்காக அவர் கொழும்பு வரைக்கும் போய்ப் படிக்கவில்லை. இதை நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் பென்சில் கீழே விழும்படி சிரித்தார்.

அந்த வீட்டில் எல்லாருக்கும் நான் ‘நீ’. பால்காரனுக்குக்கூட ‘நீ’. அவர் ஒருத்தர்தான் ‘நீர்’ என்பார். அதைக் கேட்பதற்காகவே சில நாள் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டு மறுபடி சொல்ல வைப்பேன்.

திருவலை என்று அவர்கள் சொல்லும் சாமான் ஒரு குட்டைப் பலகை. அதன்மேல் குந்திக்கொள்ள வேண்டும். முன்னால் நாக்கு நீட்டின மாதிரி ஒரு இரும்பு, நுனியில் பல். உடைத்த தேங்காயை அந்தப் பல்லில் வைத்து இழுத்து இழுத்துத் துருவ வேண்டும். மூன்றாவது தேங்காயில் முதுகு சொல்லும், போதும் என்று.

“கடைசி வருசம்,” என்றார் சின்னையா. “வீட்டில பாவிக்கிற ஒரு சாமானை, இதுவரைக்கும் ஒருத்தரும் செய்யாத மாதிரி புதுசாச் செய்து காட்டோணும். நான் சுத்திற கைபிடி வைச்ச திருவலை செய்யப் போறன். இழுக்கத் தேவையில்லை, சுத்தினாக் காணும். சரிவராட்டி அப்பு என்னைச் சுருட்டுக்கடையில குந்த வைச்சிடுவார்.”

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. அவருடைய தகப்பன், அந்த அப்பு, காலிப் பட்டணத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். கடைக்குள் போய் உட்கார்ந்தவர்கள் எழுந்து வந்ததாக அவர்கள் குடும்பத்தில் சரித்திரமே இல்லையாம்.

மூன்று நாள் படியிலேயே உட்கார்ந்திருந்தார். என் முழங்கை எவ்வளவு தூரம் போகிறது, ஒரு மூடிக்கு எத்தனை இழுவை, எங்கே மூச்சு விடுகிறேன், எல்லாம் கொப்பியில் ஏறின. நாலாம் நாள் துணி தோய்க்கிற சவர்க்காரக் கட்டியைக் கத்தியால் சீவி ஒரு உருண்டை செய்துகொண்டு வந்தார். அதுதான் பல் வரும் இடமாம். இரும்பில் அடிப்பதற்கு முன்னால் லேசான பொருளில் செய்து பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குப் பாடமாம்.

“பந்து மாதிரி இருக்குங்க. மூடிக்குள்ள அடி வரைக்கும் போவாது. செரட்டையோட உள்பக்கம் எப்படி இருக்கோ அப்படி இருக்கணும். பல்லும் கூரா இருந்தா தவிட்டுத் தோலும் சேந்து வந்துரும், சொதி கறுத்துரும்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு அந்தச் சவர்க்காரத்தை என்னிடமே தந்தார். நான் சீவினேன். அதை அளந்து படம் போட்டார்.

பெரிய தவறு ஒன்று அப்போதே வெளியே வந்தது. அவர் தன்னுடைய இயந்திரத்தை மேசை விளிம்பில் திருகிப் பூட்டுகிற மாதிரி வரைந்திருந்தார். கொழும்பில் படம் வரைகிறவர்களுக்கு எல்லாம் மேசையில்தான் நடக்கும். எங்கள் குசினியில் மேசை கிடையாது. சாப்பாட்டு மேசையைக் கேட்டால் ஞானம்மா வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

“என்ர மேசையில தேங்காயோ? உனக்கென்ன விசரே தம்பி?”

கடைசியில் நான்தான் சொன்னேன். உட்காரும் அதே பலகையின் நுனியில் பூட்டினால் போகிறது, என் பாரமே அதைப் பிடித்துக்கொள்ளும் என்று. மருமகளே, இதை அழுத்தி எழுது.

கரித்துண்டில் ஒரு கல்லூரி

ஒரு மத்தியானம் அவரிடம் கேட்டேன், அந்தக் கல்லூரி எப்படி இருக்கும் என்று. அடுப்பிலிருந்து ஆறின கரித்துண்டு ஒன்றை எடுத்துக் குசினித் தரையில் வரைந்தார். நீள மேசைகள். உயரமான ஜன்னல்கள். சுவர் முழுக்கப் படங்கள். ‘இது நான் இருக்கிற இடம்’ என்று ஒரு புள்ளி வைத்தார்.

“அங்க என்னங்க சொல்லிக் குடுக்குறாங்க?”

“ஒரு சாமானைப் பார்த்தா, இது ஏன் இப்பிடிக் கிடக்கு எண்டு கேக்கச் சொல்லித் தருவினம்.”

“அதக் கேட்டா எங்கம்மா வாயிலயே போடும்.”

“அப்ப நீர் வீட்டிலயே அடி வாங்கிப் படிச்சிருக்கிறீர்.”

“பொம்பளப் புள்ளைங்க அங்க இருக்காங்களா?”

அவர் கரியைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். “இல்லை,” என்றார். பிறகு, “இன்னும் இல்லை.”

தரை கழுவும்போது அந்தக் கல்லூரியை மட்டும் விட்டுச் சுற்றிக் கழுவினேன். ஞானம்மா ஏசினார். ஐயாவின் செருப்பு ஒரு ஜன்னலை அழித்தது. பூனை ஒரு மேசையில் படுத்து எழுந்து வாலோடு கொண்டு போனது. அவருடைய புள்ளி மட்டும் சுவரோரம் இருந்ததால் நெடுநாள் இருந்தது.

பீச்சாங்கை

கடுகண்ணாவையில் ஒரு பட்டறையில் கொடுத்து இரும்பில் அடித்து வாங்கி வந்தார். சாக்கை அவிழ்த்துப் பலகை நுனியில் பூட்டி, “இரும்,” என்றார்.

உட்கார்ந்தேன். மூடியை வலக்கையால் பிடித்து, பல்லோடு அழுத்தி, இடக்கையால் கைபிடியைச் சுற்றினேன். வெள்ளை வெள்ளையாகத் துருவல் கொட்டியது. தூறல் விழுகிற மாதிரி சத்தம். முதுகு வளையவில்லை. ஒரு மூடி முடிவதற்குள் மற்ற மூடியைத் தேடினேன்.

இங்கே நின்று ஒன்று சொல்ல வேண்டும். நான் இடக்கைக்காரி.

சின்ன வயதில் அம்மா என் இடக்கையைச் சேலைக் கிழிசலால் இடுப்போடு கட்டிப் போடும். கோயிலில் அந்தக் கையால் சிலுவை போட்டேன் என்று உபதேசியார் பிரம்பால் அடித்தார். மலையில் கொழுந்து எடுக்கத் தொடங்கும்போது முதல் பிடியைக் கூடையில் போட்டு எல்லாரும் ‘பொலி, பொலி’ என்று கூவுவார்கள். என்னை மட்டும் சற்றுப் பொறுக்கச் சொல்லுவார்கள். பீச்சாங்கைக்காரி முதல் கொழுந்து போட்டால் கூடை நிறையாதாம். நான் கடைசியாகப் போட்டு, கூவாமல் நிற்பேன்.

ஞானம்மா வீட்டிலும் பரிமாறுவது வலக்கையால்தான். குசினிக்குள் தனியாக இருக்கும்போதுதான் என் கை என் கையாக இருக்கும். சின்னையா மூன்று நாள் பார்த்தது அந்தக் கையைத்தான். அதைப் பார்த்துத்தான் வரைந்தார். கைபிடியை இடப்பக்கம் வைத்தார். பல்லையும் அந்தச் சுற்றுக்குக் கடிக்கிற மாதிரி சாய்த்திருந்தார். வலக்கைக்காரர்கள் சுற்றினால் அது கடிக்காது, வழுக்கும்.

எனக்கு முதல் சுற்றிலேயே விளங்கிவிட்டது.

ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. கத்தி, கதவு, கிணற்றுக் கப்பி, செபமாலை, உலகத்தில் எதுவும் என் கையைக் கேட்டுச் செய்ததில்லை. இது ஒன்றுதான் கேட்டுச் செய்தது. எனக்காகத் தெரிந்தே செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேனா, அப்படி நினைக்க ஆசைப்பட்டேனா, அது மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

“எப்பிடி?” என்று கேட்டார்.

“நல்லா இருக்குங்க,” என்றேன்.

சாக்குக்குள் திரும்பி வந்தது

அதை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனவர் மூன்றாம் நாளே வந்துவிட்டார். நல்ல மழை. சாக்கைக் குசினி மூலையில் போட்டுவிட்டு அதே படியில் உட்கார்ந்தார்.

“சோதனைக்கு வந்த மூண்டு பேர் சுத்திப் பார்த்தவை,” என்றார். “முதலாவது ஆள் சுத்தத் தேங்காய் துள்ளிப் போய் அவற்ற வெள்ளைக் கோட்டில விழுந்தது. ரெண்டாவது ஆளுக்குச் சுத்தவே வரேல்லை. மூண்டாவது ஆள் கேட்டார், ‘தம்பி, கண்ணாடிக்குள்ள தெரியிற குசினிக்கோ இதைச் செய்தனீர்?’ எல்லாரும் சிரிச்சவை.”

ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார்கள். அதற்குள் சரியாகச் செய்து காட்டாவிட்டால் சுருட்டுக்கடைதான்.

“கடுகண்ணாவைப் பட்டறையில இரும்படிச்ச பாஸ்கூடக் கேட்டவர், ‘மாத்தயா, கைபிடி இந்தப் பக்கமா?’ எண்டு. படத்தில கிடக்கிறமாதிரி அடியும் எண்டு சொல்லிப்போட்டன். எல்லாத்தையும் அளந்தன் ஆரோக்கியம். எந்தக் கை எண்டு மட்டும் பாக்கேல்லை.” தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். “உமக்கும் தெரியேல்லையோ?”

பொய் சொல்லியிருக்கலாம். கூரையில் விழுகிற மழையில் அது நனைந்து போயிருக்கும்.

“தெரியுங்க.”

“எப்ப?”

“மொத நாளே.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“எனக்குன்னு செஞ்சீங்கன்னு நெனச்சேன்.”

அவர் முகம் சிவந்தது. கோபமா, வேறெதுவுமா தெரியாது. எழுந்து மழைக்குள்ளேயே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு ஒரு பேச்சில்லை. தண்ணீர்கூட அக்காவிடம் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்த இரண்டு நாளும் நான் சம்பலுக்கு உப்புப் போட மறந்தேன். ஐயா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவர் அப்படித்தான், நல்ல மனிதர்.

மூன்றாம் நாள் சின்னையா ஞானம்மாவைப் பழைய திருவலையில் துருவச் சொல்லிப் படியில் உட்கார்ந்தார். ஞானம்மா அரை மூடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“எனக்கு ஏலாது தம்பி. அதுக்குத்தானே அவளை வைச்சிருக்கிறம்.”

நான் போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். மூடியை வலக்கையில் எடுத்தேன்.

“நீர் என்ன செய்யிறீர்?”

“எழுதிக்கிங்க.”

அம்மா துணியால் கட்டி, உபதேசியார் பிரம்பால் அடித்து வராத பழக்கத்தை நான் ஒரு கிழமையில் வரவழைத்தேன். முதல் நாள் விரல் மொளியெல்லாம் பல்லில் கிழிந்தது. துருவலில் இரத்தம் பட்டுவிட்டதென்று ஞானம்மா ஒரு மூடியைக் கொட்டச் சொன்னார். இரண்டாம் நாள் துணி சுற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் அவர், “காணும் ஆரோக்கியம், நிப்பாட்டும்,” என்றார். நான் நிறுத்தவில்லை. ஏழாம் நாள் வலக்கை தானாக இழுத்தது. கொப்பியில் புதுப் படம் வந்தது, கைபிடி வலப்பக்கம்.

அந்தப் படத்தின்படி அடித்த புது இயந்திரம் தேறியது. அவரும் தேறினார். வெள்ளைக் கோட்டுக்காரர் தானே ஒரு முழுத் தேங்காயைத் துருவி முடித்துவிட்டு, வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டாராம்.

கப்பலில் வந்த ஒரு வரி

தேறினவர்களில் அவரை மேலே படிக்கச் சீமைக்கு அனுப்பினார்கள். அங்கே பல்கலைக்கழகம். நான் வேண்டிக்கொண்டதும் அதற்குத்தான். வேண்டிக்கொள்ளும்போது கப்பல் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரவில்லை.

புறப்படும் நாள் குசினி வாசலில் நின்றார். மூலையில் அந்த முதல் இரும்போடு கிடந்த சாக்கைக் காட்டி, “உது உம்முடையது,” என்றார். நான் சுவரோரம் இருந்த புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒருத்தருக்கும் உதவாத சாமான், பழைய இரும்புக்குப் போடுவம்,” என்றார் ஞானம்மா. நான் கொடுக்கவில்லை. கம்பளைக்குக் கல்யாணமாகிப் போனபோது என் பெட்டியோடு அதுவும் போனது. சீதனமாக இரும்பு கொண்டுவந்த மருமகள் என்று என் மாமியார் ஊரெல்லாம் சொன்னார். என் வீட்டுக்காரர் நல்லவர். ஒரு நாளும் அது ஏது என்று கேட்கவில்லை. ஒரு தரம் அவரே சுற்றிப் பார்த்தார், வழுக்கியது, சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

இப்போது சுற்றுகிற துருவல் எல்லாக் கடையிலும் தொங்குகிறது. அதெல்லாம் எங்கள் சின்னையா கண்டுபிடித்தது என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனை ஊரில் எத்தனை பேர் யோசித்தார்களோ. ஆனால் கடையில் பார்க்கும்போதெல்லாம் கைபிடி எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். எப்போதும் வலப்பக்கம்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவரிடமிருந்து ஞானம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஞானம்மா மேசையில் வைத்துச் சத்தமாக வாசித்தார், நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். குளிர், பனி, சாப்பாட்டில் உறைப்பில்லை. கடைசியில் ஒரு வரி: ‘ஆரோக்கியத்தின்ர கை எப்பிடி இருக்கு?’

“பாரேன், தமக்கையின்ர சுகம் கேக்கேல்லை, இவளின்ர கையைக் கேக்கிறான்,” என்று ஞானம்மா சிரித்தார். ‘சுகம்’ என்று ஒரு சொல் பதில் எழுதிப் போட்டார். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் நான் இல்லை. கொஞ்ச காலத்தில் கடிதங்களும் இல்லை.

எந்தக் கை என்று அவர் எழுதவில்லை. கிழிந்த கையையா, அந்த இரும்பைச் சுற்றுகிற கையையா? பாத்திரம் கழுவும்போது இரண்டையும் தண்ணீருக்குள் வைத்துப் பார்ப்பேன். இன்றைக்கும் பார்ப்பேன்.

பரீதா மூக்கை உறிஞ்சினாள். “மெய்தானா ஆச்சி இதெல்லாம்?” என்றாள். அவளுடைய மகளுக்குப் படிப்பு தொடங்கும் முன்பே கெம்பஸில் வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டார்களாம். வீட்டில் வயதானவர்கள் ஒரு சாமானைப் பாவிப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டுமாம்.

“அப்ப இங்க அனுப்பேன்! நாளைக்கே வரட்டும். படியில உட்காரச் சொல்லு, நான் பேசாம இருக்கேன். பொறகு கெம்பஸுல ஜன்னல் எந்தப் பக்கம், மேச எப்படி, எல்லாத்தையும் அவ எனக்குச் சொல்லணும், அதுதான் கூலி. இரு பரீதா, மருமக தேங்காய ஒடச்சு வச்சுட்டுக் கொப்பிய எடுத்துக்கிட்டு வந்துட்டா, உள்ள தண்ணி கொதிக்குது. இந்த இரும்பு இந்த வீட்டுல வேற யாருக்கும் சுத்தாது, நான்தான் எந்திரிக்கணும். புள்ள வந்தா மொதல்ல ஒண்ணு எழுதிக்கச் சொல்லு. எந்தக் கைன்னு.”